வில்சன் நோய்: இருப்பைக் கரைப்பதா, வரவை நிறுத்துவதா?

உடம்பில் தாமிரம் சேர்ந்து கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் வில்சன் நோய் என்று உறுதியான அன்றே குடும்பத்தின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: எந்த மருந்தில் தொடங்குவது? பெனிசிலமைன் என்பார் ஒரு டாக்டர். அவசரப்படாதீர்கள், ஜிங்க் போதும் என்பார் இன்னொருவர். இணையத்தில் தேடினால் டிரையன்டின் என்று மூன்றாவதாக ஒரு பெயர் வரும். விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடத் தோன்றும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கல்லீரல் மாற்று பற்றியும் காதில் போட்டு வைப்பார்கள். மூளையை அரிக்கும் நோய்களில் மாத்திரையால் தடுத்து நிறுத்தக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதில் இது ஒன்று என்பதால் ஆரம்பத்தில் எடுக்கும் முடிவுக்கு எடை அதிகம்.

தாமிரம் உடம்புக்கு வேண்டிய உலோகம்தான். நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் போதும். சாப்பாட்டில் அதைவிடக் கூடுதலாகவே வருகிறது. மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியே தள்ளிவிடும். இந்த வேலையைப் பார்க்கும் புரதத்தின் பெயர் ஏடிபி7பி. 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் அதற்கான மரபணு 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு பழுதாக வந்து சேர்ந்த பிள்ளைக்குத் தாமிரம் வெளியேற வழியில்லை. முதலில் கல்லீரலில் சேரும். அங்கே இடம் போதாமல் ரத்தத்தில் கசிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகும். லண்டனில் கின்னியர் வில்சன் 1912-ல் இந்த நோயை விவரித்தபோது, அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஆழ்பகுதி சிதைவதையும் கூடவே கல்லீரல் இறுகிப்போவதையும் கண்டார். குற்றவாளி தாமிரம்தான் என்று உறுதியாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

மூளையில் இறங்கிய பிறகு தெரியும் குறிகள் இவை: பள்ளிப் பையனின் கையெழுத்து சிறுத்துக் கோணலாகும், பேச்சு குழறும், எச்சில் ஒழுகும், கை நடுங்கும், கழுத்தோ விரலோ ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். நல்ல பிள்ளை எரிந்து எரிந்து விழும். மனநல மருத்துவரிடம் அலைந்து பல மாதங்கள் போன பிறகு, கண் டாக்டர் தன் கருவியில் பார்த்துக் கருவிழியின் விளிம்பில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையத்தைக் கண்டு சொல்வார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை முப்பதாண்டுகளில் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு மூளை நரம்புத் தொந்தரவுதான் பிரதானம். நரம்பு நோய்க்கான மருத்துவமனை என்பதால் அந்தக் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனாலும் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அங்கேதான் இருக்கிறது: தாமிரம் இப்போது எங்கே நிற்கிறது, கல்லீரலிலா மூளையிலா?

இருக்கும் மருந்துகளைக் கடைக் கணக்கு மாதிரி இரண்டாகப் பிரிக்கலாம். பெனிசிலமைனும் டிரையன்டினும் சேர்ந்துவிட்ட இருப்பைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியே கொண்டுபோகும். ஜிங்க், அதாவது துத்தநாகம், குடலில் வரவை மறிக்கும்.

பெனிசிலமைன்தான் மூத்தது. அதற்கு முன்னால் இருந்தது பிஏஎல் (BAL) என்கிற ஊசி. விஷ வாயுவுக்கு முறிவாகச் செய்த மருந்து, தசையில் ஆழமாகப் போடும்போது வலி உயிர் போகும். 1956-ல் ஜான் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பெனிசிலமைனை முன்வைத்தார். பெனிசிலின் எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீரில் காணப்பட்ட பொருள் அது. அதன் அமைப்பைப் பார்த்தவருக்கு இது தாமிரத்தைப் பிடிக்கும் என்று பொறி தட்டியது. முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார். அதுவரை சாவுதான் முடிவு என்றிருந்த நோய்க்கு வாயால் சாப்பிடும் மருந்து கிடைத்தது. கல்லீரல் பாதிப்போடு வருபவர்களுக்கு இன்றும் இது நம்பகமான மருந்து. இந்தியாவில் கிடைக்கிறது, விலையும் நடுத்தரக் குடும்பம் தாங்கும் அளவில் இருக்கிறது.

இதன் மறுபக்கம் கடுமையானது. முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல், வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைவது எல்லாம் வரக்கூடும். மாதங்கள் போனால் சிறுநீரில் புரதம் ஒழுகும்; உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நிலையும் வரலாம், தோல் தளரலாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தத் தொந்தரவுகளாலேயே மருந்தை விட்டுவிடுகிறார். வைட்டமின் பி6 குறையும் என்பதால் தினமும் அந்த மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். மூளை பாதித்தவர்களுக்கு வரும் ஆபத்து வேறு. இருப்பை வேகமாகக் கிளறிவிடும்போது விடுபட்ட தாமிரம் ரத்தத்தில் ஏறி, அதில் ஒரு பங்கு மூளைக்கே திரும்பலாம். நடந்து வந்த பையன் மருந்து தொடங்கிய சில வாரங்களில் படுக்கையில் விழுகிறான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், பெனிசிலமைனில் தொடங்கிய 25 நரம்பு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் மோசமானார்கள். அவர்களிலும் பாதிப்பேர் மருந்துக்கு முந்தைய நிலைக்குக்கூடத் திரும்பவில்லை. மற்ற ஆய்வுகளில் இந்த விகிதம் குறைவாகவே வருகிறது, பத்தில் ஒருவர் என்ற அளவிலும் உண்டு. நோய் தன் போக்கில் முற்றுவதையும் மருந்தின் மேல் போடுகிறார்கள் என்று வால்ஷ் பக்கத்தவர்கள் வாதாடினார்கள். இரண்டிலும் உண்மை இருக்கும். ஆனால் இந்தச் சண்டைக்குப் பிறகு நடைமுறை மாறியது: முழு அளவைத் தூக்கிக் கொடுக்காமல் நாளொன்றுக்கு 125 அல்லது 250 மில்லிகிராமில் தொடங்கி, சில நாள் இடைவெளியில் 250 கூட்டி, 1000 முதல் 1500 வரை கொண்டுபோகிறார்கள். மூளை பாதித்தவருக்கு யாராவது முதல் நாளே முழு அளவை எழுதினால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

டிரையன்டினும் வால்ஷ் கொண்டுவந்ததே, பெனிசிலமைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக. பக்கவிளைவுகள் நிச்சயமாகக் குறைவு. 2022-ல் வெளியான செலேட் ஆய்வு, பெனிசிலமைனில் நிலையாக இருப்பவர்களை டிரையன்டினின் புதிய வடிவத்துக்கு மாற்றினாலும் கட்டுப்பாடு கெடவில்லை என்று காட்டியது. பிறகு ஏன் எல்லோருக்கும் இதையே கொடுக்கக்கூடாது? விலைதான். அமெரிக்காவில் வேலியன்ட் நிறுவனம் நூறு கேப்ஸ்யூல் கொண்ட புட்டியை 2010-ல் சுமார் 650 டாலரில் இருந்து 2015-க்குள் 21,000 டாலருக்கு மேல் ஏற்றியது. 2018-ல் டெவா நிறுவனம் மலிவுப் பதிப்பு என்று இறக்கியதன் பட்டியல் விலை 18,375 டாலர். இதைத்தான் மலிவு என்றார்கள்! பழைய வடிவத்தைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மே மாதத்தில் கரண்ட் போகும் ஊர்களில் அதுவே தனிக் கவலை. நரம்பு மோசமாவதிலிருந்தும் இது முழுப் பாதுகாப்பு தருவதில்லை. கிடைக்கிறது, காப்பீடு கொடுக்கிறது என்றால் நல்ல மருந்து. கடன் வாங்கி ஆறு மாதம் வாங்கிப் பிறகு நிறுத்துவதாக இருந்தால் வேண்டாம்.

ஜிங்க் எளிமையான ஆள். நெதர்லாந்தில் 1960-களின் தொடக்கத்திலேயே முயன்று பார்த்தார்கள். அங்கே ஹூகன்ராட் என்ற மருத்துவரும் அமெரிக்காவில் புரூவரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1997-ல் ஜிங்க் அசிட்டேட்டுக்கு அனுமதி தந்தது. இது குடல் சுவரின் செல்களில் மெட்டலோதையோனின் என்ற புரதத்தைப் பெருக்குகிறது. உணவில் வரும் தாமிரத்தை அந்தப் புரதம் கட்டிப்போடும். செல் சில நாளில் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு போய்விடும். எச்சிலிலும் இரைப்பை நீரிலும் சுரந்து வரும் தாமிரமும் இதே பொறியில் மாட்டுவதால் உள்ளிருப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 50 மில்லிகிராம் துத்தநாகம், நாளுக்கு மூன்று வேளை. சல்பேட் மாத்திரையில் 220 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் அதில் உள்ள துத்தநாகம் 50 தான். 220-ஐப் பார்த்து பயந்து கால் மாத்திரையாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

தொந்தரவு வயிற்றில்தான். காலையில் வெறும் வயிற்றில் போட்டதும் குமட்டும், சிலருக்கு வாந்தி. காலை மாத்திரையைக் கொஞ்சம் தள்ளி முற்பகலில் போட்டால் பலருக்கு அடங்குகிறது. அதுவும் முடியாவிட்டால் ஒரு முட்டையோடு போடச் சொல்வார்கள். சல்பேட் எரிச்சலூட்டினால் அசிட்டேட்டுக்கு மாறலாம். மற்றபடி சிறுநீரகத்தையோ ரத்த அணுக்களையோ நேரடியாகத் தாக்காது, கர்ப்ப காலத்திலும் தொடரலாம்.

இதன் குறை வேகம். முழுப் பிடிமானம் வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலையோடு வந்தவருக்கு அந்த அவகாசம் கிடையாது. 2011-ல் ஐரோப்பியர்கள் வெளியிட்ட ஒரு பெரிய ஒப்பீட்டில், ஜிங்க் மட்டும் எடுத்தவர்களில் கல்லீரல் கெடுவதைத் தடுப்பதில் அது மற்ற இரண்டையும்விடப் பின்தங்கியது. மூளைக்கு அது மென்மையானது என்ற நல்ல பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது: மருந்து மெதுவாக வேலை செய்யும் மாதங்களில் நோய் சும்மா இருக்காது.

பெனிசிலமைனையும் ஜிங்கையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இந்தியாவில் பல இடங்களில் அதுதான் நடைமுறை. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டிலும் சில ஆண்டுகள் இருந்து நிலைபெற்ற 45 பேருக்குப் பெனிசிலமைனை நிறுத்தி ஜிங்க் சல்பேட்டை மட்டும் தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் கெடாமல் நின்றார்கள். 2008-ல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே நம்பிக்கை தருவது, பாதுகாப்பானது, மலிவானது என்று முடிகிறது. மாதச் செலவு குறைந்தால் மருந்து விடுபடாது என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். மேல்நாட்டு வழிகாட்டிகளில் இதற்குக் கிடைக்கும் இடம் போதாது என்பது என் எண்ணம்.

ஆனால் சேர்த்துக் கொடுப்பது எழுதும்போது எளிது, வீட்டில் கடினம். பெனிசிலமைன் ஜிங்கையும் பிடிக்கும். இரண்டும் வயிற்றில் சந்தித்தால் இரண்டும் வீண். நான்கைந்து மணி நேர இடைவெளி வேண்டும். அதோடு இரண்டுமே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் பின்னால். நாளை இப்படி ஓட்டலாம்: காலை 6 மணிக்குப் பெனிசிலமைன். 8 மணிக்கு இட்லி. 11 மணிக்கு ஜிங்க். 1 மணிக்குச் சாதம். மாலை 4 மணிக்குப் பெனிசிலமைன். 7.30-க்கு இரவுச் சாப்பாடு. 10 மணிக்கு ஜிங்க். தகராறு வரும் இடம் மாலை 4 மணி. பள்ளியிலிருந்து பசியோடு வரும் பிள்ளை 5 மணி வரை பஜ்ஜியையும் பால் காபியையும் தொடக்கூடாது. 11 மணி மாத்திரைக்கு வகுப்பாசிரியரிடம் சொல்லி வைக்க வேண்டும். இந்த அட்டவணை உங்கள் வீட்டில் ஓடாது என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி ஒரே மருந்தில் இருப்பதே மேல்.

தாமிரத்தைக் கட்டிப்போடும் டெட்ராதையோமாலிப்டேட் என்ற மருந்து பற்றியும் சொல்ல வேண்டும், வதந்தி அதிகம் சுற்றுவதால். மாலிப்டினம் என்ற உலோகம் மிகுந்த புல்வெளியில் மேய்ந்த மாடுகளுக்குத் தாமிரப் பற்றாக்குறை வந்ததை இங்கிலாந்தில் கவனித்ததன் தொடர்ச்சி இது. புரூவர் குழுவின் 2006 ஆய்வில் டிரையன்டினில் தொடங்கிய 23 பேரில் 6 பேர் நரம்பு நிலையில் மோசமாக, இதில் தொடங்கிய 25 பேரில் ஒருவர் மட்டுமே மோசமானார். மூளைக்கு ஏற்ற மருந்து இதுவாக இருந்திருக்கலாம். இதன் நவீன வடிவத்தைக் கையில் வைத்திருந்த ஆஸ்ட்ராஜெனிகா 2023-ல் திட்டத்தைக் கைவிட்டது. 2024-ல் மோனோபார் என்ற சிறு நிறுவனம் உரிமத்தை வாங்கியது. நம் ஊர் மருந்துக் கடையில் சீட்டு நீட்டி வாங்கும் நிலைக்கு இது வரவில்லை. இதற்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

கல்லீரல் மாற்று அறுவை வேறு வகை. புதிய கல்லீரலில் சரியான ஏடிபி7பி இருப்பதால் தாமிரப் பிரச்சினை வேரோடு தீர்கிறது. திடீரென்று கல்லீரல் செயலிழந்து, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து வருபவருக்கு இதைத் தவிர வழியில்லை. அங்கே ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. மருந்துக்கு அடங்காமல் கல்லீரல் இறுகிப்போன, முற்றிய சிரோசிஸ் நோயாளிக்கும் இதுதான். பெற்றோர் பழுதான மரபணுவை ஒற்றைப் பிரதியாகச் சுமப்பவர்கள்தானே, அவர்கள் தரலாமா என்று கேட்பார்கள். தரலாம், அப்படிப்பட்ட மாற்றுகள் நன்றாகவே நடக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று உண்டு. ஆனால் கல்லீரல் தாக்குப்பிடிக்கும்போது, மூளைத் தொந்தரவுக்காக மட்டும் மாற்றுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். மூளையில் ஏற்கெனவே அழிந்த செல்களைப் புதுக் கல்லீரல் மீட்டுத் தராது. மாத்திரையிலிருந்து விடுதலை என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க ஆயுள் முழுக்க வேறு மாத்திரைகள் உண்டு.

என் கணக்கு இப்படி. கல்லீரலோடு வந்தால் பெனிசிலமைன், ஒத்துக்கொள்ளாவிட்டால் டிரையன்டின். மூளைக் குறிகளோடு வந்தால் இரண்டு பாதை: குறி லேசாக இருந்தால் ஜிங்க், முற்றியிருந்தால் மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றும் பெனிசிலமைனோ டிரையன்டினோ, கூட ஜிங்க். ஓரிரு ஆண்டில் நிலைபெற்றதும் டாக்டர் ஒப்பினால் ஜிங்கில் மட்டும் நிற்பது. முதல் ஆறு மாதத்தை வைத்து மருந்தை எடைபோடக்கூடாது; மூளை தேறி வருவதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகூட ஆகும்.

எதைத் தேர்ந்தாலும் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை உங்களை விடாது. காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அந்த நிமிடத்திலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை லேப் தரும் கேனில் பிடிக்க வேண்டும். வீட்டுப் பாத்திரத்தில் பிடித்து ஊற்றினால் பாத்திரத்தின் தாமிரமும் கணக்கில் சேரும். ரிசல்ட் வந்ததும் குழப்பம் ஆரம்பிக்கும். பெனிசிலமைனில் நிலைத்திருப்பவருக்குத் தாமிரம் நாளுக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை போனால் மருந்து வேலை செய்கிறது. ஜிங்கில் இருப்பவருக்கு அது 75-க்குக் கீழே இருக்க வேண்டும். லேப் அச்சடிக்கும் தாளுக்கு இந்த வேறுபாடு தெரியாது; பெனிசிலமைன்காரருக்கும் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்றே போடும். அதைப் பார்த்து மிரண்டு தாங்களாகவே அளவைக் கூட்டுபவர்கள் உண்டு. தாமிரத்தை ஒட்டச் சுரண்டினாலும் தீமைதான்: ரத்தசோகை வரும், வெள்ளணு குறையும், கால் மரத்துத் தள்ளாடும், பார்க்க பி12 குறைவு போலவே இருக்கும்.

நன்றாகிவிட்டது என்று நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம். பெனிசிலமைனைத் தாமாக நிறுத்திய 11 பேரைப் பற்றி 1987-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 8 பேர் இறந்துவிட்டார்கள், சராசரியாக இரண்டரை ஆண்டுக்குள். பெரும்பாலும் கல்லீரல் திடீரென்று கைவிட்டதால். கல்யாணப் பேச்சு வரும்போது மாத்திரையை மறைக்கும் வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பத்தியம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. ஆட்டு ஈரல், நண்டு, கணவாய் போன்றவை, முந்திரி, காளான், சாக்லேட் ஆகியவற்றை முதல் ஆண்டிலாவது தள்ளி வையுங்கள். இரவு முழுக்கச் செப்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பும் மோரும் கூடாது. இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. பூனாவில் 1980-களில், பித்தளை, செப்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் குடித்த கைக்குழந்தைகளுக்குக் கல்லீரல் தாமிரத்தால் கெட்டதை மருத்துவர்கள் காட்டினார்கள். எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோய் ஏறக்குறைய காணாமல் போனது.

அல்சைமர் நோயாளிகளின் வீட்டாரும் இந்த மருந்துகளைப் பற்றிக் கேட்கிறார்கள். மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் தாமிரத்தோடு ஒட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே உலோகம் இடம் மாறிக் கிடக்கிறதே தவிர, உடம்பு முழுக்க அளவு மீறிச் சேரவில்லை. தாமிரத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து இடம் மாற்றும் பிபிடி2 போன்ற மருந்துகள் ஆய்வில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அவர்களுக்குப் பெனிசிலமைனைக் கொடுத்துப் பார்ப்பது வீண் ஆபத்து.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்கு இந்தத் தேர்வு சுலபம், ஆனால் அவர்களைப் பரிசோதிப்பதே பெரும்பாலும் நடப்பதில்லை. ஒவ்வொரு தம்பி தங்கைக்கும் இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கொடுத்து எடுக்கும் குடும்பமென்றால் அத்தை, மாமா பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை: ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் பரிசோதனை, சிறுநீர்த் தாமிரம், கண்ணில் வளையம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் மரபணுப் பிழை தெரிந்தால் மற்றவர்களுக்கு அதை மட்டும் சோதித்தாலே தெளிவாகிவிடும். நோய் இருந்து குறிகள் இன்னும் தொடங்காத பிள்ளைக்கு ஜிங்க் ஒன்றே போதும், அதையும் சிறு வயதிலேயே, சிறு பிள்ளைக்கான குறைந்த அளவில் தொடங்கலாம்.